ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மல் இல்லை: தைராய்டு மாத்திரை எடுக்கும் ஒரு டீச்சரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 47 வயதுப் பெண். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எடை 62 கிலோ. ஹாஷிமோட்டோ எனப்படும் தன்னெதிர்ப்பு நோயால் தைராய்டு சுரப்பி செயலிழந்து, ஒன்பது ஆண்டுகளாக லெவோதைராக்சின் மாத்திரை எடுத்து வருகிறார். தினம் 100 மைக்ரோகிராம். சுரப்பி முற்றிலும் வேலை செய்யாதவருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு. இவருக்கு அது 99 வருகிறது. அதாவது, உடம்புக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு சின்ன மாத்திரையிலிருந்துதான் வர வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் மருந்து எழுதித் தரும் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் உயிர்வேதியியல் மருத்துவர். டீச்சரின் அனுமதியோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு இதை எழுதுகிறேன். தைராய்டு மாத்திரை எடுக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இவருடைய பத்து மாதக் கதையில் கிட்டத்தட்ட எல்லாப் பாடமும் இருக்கிறது.

ஜனவரி முதல் அக்டோபர் வரை

ஜனவரியில் எடுத்த ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) 2.2, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்; மாத்திரையில் இருப்பதும் டி4தான்) 1.3. மொத்தக் கொலஸ்ட்ரால் 192. ஒரு குறையும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் டிஎஸ்ஹெச் 1.5க்கும் 2.8க்கும் இடையில்தான் இருந்திருக்கிறது.

பிப்ரவரியில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் 8.9க்கு இறங்கியது. மகப்பேறு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் எழுதினார். ஜூனில் சோர்வு குறையவில்லை என்று மறுபடி தைராய்டு பார்த்தபோது டிஎஸ்ஹெச் 14.6, ஃப்ரீ டி4 0.9. குடும்ப மருத்துவர் மாத்திரையை 125 ஆக்கினார்.

ஜூலையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு டப்பா முடி மாத்திரை வாங்கினார். இதை எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆகஸ்டில் நெஞ்சு படபடப்பு. ஒரு மருத்துவமனைக்குப் போனார். அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் 0.31, ஃப்ரீ டி4 2.4. படபடப்பும் இருக்கிறது, டிஎஸ்ஹெச்சும் இறங்கியிருக்கிறது, ஃப்ரீ டி4உம் ஏறியிருக்கிறது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று முடிவெடுத்து, 125ஐ 50 ஆகக் குறைத்து, படபடப்புக்குப் புரோப்ரனலாலும் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முடிவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபரில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். எங்கள் இயந்திரம் தந்த எண்கள்: டிஎஸ்ஹெச் 2.6, ஃப்ரீ டி4 1.9, மொத்தக் கொலஸ்ட்ரால் 281.

எங்கள் இயந்திரத்தில் டிஎஸ்ஹெச்சின் இயல்பு வரம்பு ஏறக்குறைய 0.3 முதல் 4.2 வரை. ஃப்ரீ டி4க்கு டெசிலிட்டருக்கு 0.9 முதல் 1.7 நானோகிராம் வரை. அப்படியானால் டிஎஸ்ஹெச் நடுவாக இருக்கிறது, ஃப்ரீ டி4 கொஞ்சம் மேலே. கணினித் திரையில் பார்க்கிற எவருக்கும் 'சரி, காலையில் மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருப்பார், அதனால்தான் ஃப்ரீ டி4 கொஞ்சம் கூட' என்றுதான் தோன்றும்.

ரத்தம் எடுத்த டெக்னீஷியன் பெண் மாடிக்கு ஏறி வந்து சொன்னார்: "மேடம், அந்த டீச்சர் ரிப்போர்ட்டை இப்போதைக்கு விடாதீங்க. முகம் உப்பிப்போய் இருக்கு. குரல் கரகரன்னு ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கவே நேரமாகுது."

இந்த நிகழ்வில் நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மற்றதெல்லாம் அவர் சொன்னதைச் சரிபார்த்த வேலை.

அதே குழாயில் இருந்த சாட்சி

ரிப்போர்ட்டை நிறுத்திவைத்துவிட்டு முதலில் கொலஸ்ட்ராலைப் பார்த்தேன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்வது மந்தமாகும், அளவு ஏறும். ஹார்மோன் கூடினால் கொலஸ்ட்ரால் இறங்கும். ஜனவரியில் 192 இருந்தவருக்கு ஃப்ரீ டி4 கூடுதலாக இருக்கும்போது 281 வருவது பொருந்தவில்லை. கொலஸ்ட்ராலை நாங்கள் நொதியை வைத்து அளக்கிறோம். தைராய்டு ஹார்மோன்களை, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை வைத்து அளக்கிறோம். ஒரே ரத்தம், இரண்டு வேறு வழிகள், இரண்டு நேர்மாறான பதில்கள். ஏதோ ஒரு வழியில் கோளாறு.

அடுத்தது எளிய கணக்கு. தினம் 50 மைக்ரோகிராம் எடுக்கும், சுரப்பி வேலை செய்யாத 62 கிலோ எடையுள்ளவருக்கு ஃப்ரீ டி4 1.9 எங்கிருந்து வரும்? நூறு எடுத்தபோதே 1.3தான் இருந்தது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஃப்ரீ டி4 சற்று உயரும் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் பொதுவாக 15, 20 சதவீதம்தான். அதை வைத்து இந்த எண்ணை விளக்க முடியாது.

ஆகஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூனில் ஃப்ரீ டி4 0.9. மாத்திரை 100லிருந்து 125 ஆனது, அதாவது கால் பங்கு கூடியது. ஃப்ரீ டி4உம் ஏறக்குறைய கால் பங்கு கூடலாம், 1.1 அல்லது 1.2 வரலாம். வந்ததோ 2.4. உட்கொண்ட மருந்தைவிட அதிகமாக ரத்தத்தில் இருக்க வழியே இல்லை. பழைய ரிப்போர்ட்டையும் மாத்திரையின் அளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கை நோயாளியே போட்டுவிடலாம். அதனால்தான் ரிப்போர்ட்டின் மேல் அன்றைய மாத்திரை அளவைப் பேனாவால் எழுதிவையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மருந்தளவு தெரியாத தைராய்டு ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

டீச்சரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"டீச்சர், காலையில் என்னென்ன மாத்திரை போட்டீங்க?"

"தைராய்டு மாத்திரைதான் மேடம். வெறும் வயித்துலதான் போட்டேன்."

"அது மட்டும்தானா? வேற எதுவும் உண்டா?"

"ரத்தத்துக்கு ஒண்ணு, கால்சியம் ஒண்ணு, படபடப்புக்கு ஒண்ணு. அப்புறம் முடிக்கு ஒண்ணு. எல்லாத்தையும் அஞ்சரைக்கு ஒரே வாயில போட்டுடுவேன். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்ல."

முடி மாத்திரையின் லேபிளைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். பயோட்டின் 10 மில்லிகிராம்.

பயோட்டின் எப்படிக் கெடுத்தது

பயோட்டின் ஒரு பி வைட்டமின். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படுவது 30, 40 மைக்ரோகிராம்தான். 10 மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம். உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, மிச்சம் சிறுநீரில் போய்விடும். கெடுதல் நடப்பது எங்கள் இயந்திரத்துக்குள்.

ஸ்ட்ரெப்டாவிடின் என்று ஒரு புரதம் உண்டு. பயோட்டினைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும். இந்தப் பிடிப்பை நம்பித்தான் பல இயந்திரங்களின் சோதனைகள் அமைந்திருக்கின்றன. டிஎஸ்ஹெச்சை அளக்க இரண்டு ஆன்டிபாடிகள் வேண்டும். ஒன்றில் பயோட்டின் ஒட்டியிருக்கும், மற்றதில் ஒளிவிடும் பொருள் ஒட்டியிருக்கும். ரத்தத்திலுள்ள டிஎஸ்ஹெச்சை இரண்டும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய நுண்துகள்கள் பயோட்டின் வழியாக மொத்தத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, மிஞ்சிய ஒளியை அளப்போம். ஒளி அதிகமானால் டிஎஸ்ஹெச் அதிகம்.

இப்போது ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பியிருந்தால் என்ன ஆகும்? நுண்துகள்களின் இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச்சைச் சுமந்து நிற்கும் ஆன்டிபாடி ஒட்ட இடமில்லாமல் கழுவுநீரோடு போய்விடும். ஒளி குறையும். டிஎஸ்ஹெச் குறைவு என்று இயந்திரம் எழுதும்.

ஃப்ரீ டி4 மிகச் சிறிய மூலக்கூறு, இரண்டு பக்கமும் பிடிக்க இடம் கிடையாது. அதனால் அதை அளக்கும் முறை தலைகீழானது. ரத்தத்திலுள்ள டி4உம் நாங்கள் சேர்க்கும் டி4உம் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். அங்கே ஒளி குறைந்தால் ரத்தத்தில் டி4 அதிகம் என்று பொருள். ஆக, அதே பயோட்டின் அங்கும் ஒளியைக் குறைக்க, ஃப்ரீ டி4 கூடுதல் என்று இயந்திரம் எழுதும். இன்னொரு தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி3க்கும் இதே கதி. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச் ரிசெப்டர் ஆன்டிபாடி சோதனையும் இந்தப் போட்டி வகையில் இருந்தால் அதுவும் பொய்யாக பாசிட்டிவ் காட்டும்.

இதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. ஒரே ஒரு எண் தப்பாக வந்தால் யாருக்காவது சந்தேகம் வரும். இங்கே எல்லா எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி, பாடப்புத்தகத்தில் உள்ளபடி தைராய்டு மிகைப்பு என்று சொல்லும். டீச்சருக்கு ஆகஸ்டில் நடந்தது அதுதான். ரத்தசோகையால் வந்த படபடப்பும் சேர்ந்துகொள்ள, கதை முழுமையாகிவிட்டது.

அக்டோபரில் நடந்தது அதைவிட மோசம். உண்மையான டிஎஸ்ஹெச் மிக மேலே போயிருந்ததால், பயோட்டின் அதை இழுத்து இறக்கியும் இயல்பு வரம்புக்குள்தான் வந்து நின்றது. சிவப்பு எழுத்தில் வரவேண்டிய எண் கறுப்பில் வந்தது.

அன்றைய ரத்தத்தில் மிச்சமிருந்ததை, இந்த ஸ்ட்ரெப்டாவிடின் முறையைப் பயன்படுத்தாத இயந்திரம் உள்ள வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். டிஎஸ்ஹெச் 46. ஃப்ரீ டி4 0.5. முடி மாத்திரையை நிறுத்தி மூன்று நாள் கழித்து, காலை எந்த மாத்திரையும் போடாமல் வரச்சொல்லி, எங்கள் இயந்திரத்திலேயே மறுபடி பார்த்தோம். டிஎஸ்ஹெச் 47.8, ஃப்ரீ டி4 0.5. இரண்டும் ஒத்துப்போயின. ஆகஸ்ட் ரத்தம் இப்போது எங்கும் இல்லை என்பதால் அன்றைய உண்மையான அளவை அளந்து காட்ட வழியில்லை. ஆனால் அதே மாத்திரை, அதே நேரம், அதே வகை எண்கள்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் பயோட்டின் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பயோட்டினால் பொய்யாகக் குறைந்து வந்து ஒருவர் இறந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் சோதனையில் சேர்க்கும் வேதிக்கலவையான ரீஏஜென்ட்டை மாற்றிப் பாதிப்பைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் உங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் பழையதா புதியதா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது பயோட்டின் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். முடி, நகம், தோல் என்று பெயர் போட்ட மாத்திரைகளிலும் சில மல்டி வைட்டமின்களிலும் இது இருக்கிறது. லேபிளில் மைக்ரோகிராமா மில்லிகிராமா என்று பாருங்கள்.

ஜூனில் உண்மையில் என்ன நடந்தது

பயோட்டின் பிடிபட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஜூன் மாதத்து 14.6க்குப் பயோட்டின் காரணமில்லை. அப்போது முடி மாத்திரையே வாங்கவில்லை. அந்த ரிப்போர்ட் உண்மை. ஒன்பது ஆண்டுகள் அசையாமல் இருந்த டிஎஸ்ஹெச் ஏன் ஏறியது என்ற கேள்வியை ஜூனிலேயே கேட்டிருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது.

பதில் "ஒரே வாயில" என்பதில் இருக்கிறது. லெவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் 70, 80 சதவீதம் உள்ளே போகும். இரும்போ கால்சியமோ கூடவே வந்தால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு குடலில் கரையாமல் வெளியேறிவிடும். மாத்திரையை வாயில் போட்டது உண்மை, ரத்தத்துக்கு வரவில்லை. இரண்டு மருத்துவர்கள் இரண்டு சீட்டுகளில் 'வெறும் வயிற்றில்' என்று எழுதியிருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. அவர் இரண்டையும் நம்பி ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, மாத்திரை போட்டுப் பத்து நிமிடத்தில் காபி. காபியும் உறிஞ்சுதலைக் குறைக்கும், அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள், சோயா உணவுகள் ஆகியவற்றாலும் தேவைப்படும் அளவு கூடலாம்.

ஜூன் ரிப்போர்ட்டில் இன்னொரு விஷயம். ஃப்ரீ டி4 0.9, இயல்பு வரம்பின் அடிவிளிம்பு. 'ஃப்ரீ டி4 நார்மல்தானே, அப்புறம் ஏன் டிஎஸ்ஹெச் இவ்வளவு?' என்று டீச்சரே அன்று கேட்டாராம். நல்ல கேள்வி. டிஎஸ்ஹெச் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியில் சுரக்கிறது, தைராய்டு ஹார்மோன் குறைகிறதா என்று சதா பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுரப்பி. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் நூறு மடங்கு வரைகூட ஏறலாம். அவ்வளவு கூர்மை. இயல்பு வரம்பு என்பது ஊரிலுள்ள ஆரோக்கியமானவர்கள் எல்லோரையும் சேர்த்துப் போட்ட வேலி. ஒவ்வொருவருக்கும் தனக்கென்று அதற்குள் இன்னும் குறுகிய இடம் உண்டு. டீச்சரின் இடம் 1.3க்குப் பக்கத்தில். அவருக்கு 0.9 என்பது குறைவுதான், பிட்யூட்டரிக்கு அது தெரிந்திருக்கிறது.

இதனால்தான் மாத்திரை எடுப்பவர்களுக்கு டிஎஸ்ஹெச்சை முதன்மையாகப் பார்க்கிறோம். ஆனால் அது மெதுவாக நகரும் எண். டி4இன் அரை ஆயுள் ஏழு நாள். மருந்தளவை மாற்றினால் ரத்தத்தில் அளவு நிலைப்பட ஐந்து, ஆறு வாரமாகும். அதைப் பார்த்து டிஎஸ்ஹெச் அமைய இன்னும் கொஞ்சம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் போல, டிஎஸ்ஹெச் கடந்த ஆறெட்டு வாரக் கணக்கைச் சொல்கிறது. ஃப்ரீ டி4இல் சமீபத்திய நாட்களும் அன்று காலை மாத்திரையும்கூடத் தெரியும். எனவே மாத்திரையை மாற்றி ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் டிஎஸ்ஹெச் பார்ப்பது பணத்துக்குக் கேடு, அதை வைத்து மறுபடி அளவை மாற்றினால் உடம்புக்கும் கேடு.

இந்த வேக வித்தியாசம் தெரிந்தால் இன்னொரு ரிப்போர்ட்டையும் படிக்கலாம். டிஎஸ்ஹெச் 18, ஃப்ரீ டி4 1.7 என்று வருபவர்கள் உண்டு. பல வாரம் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். ஃப்ரீ டி4 ஏறிவிட்டது, டிஎஸ்ஹெச் இன்னும் பழைய கணக்கில் நிற்கிறது. இப்படிப்பட்டவரை அதட்டினால் உண்மை வராது. 'வாரத்துக்கு எத்தனை நாள் விட்டுப்போகுது?' என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சிகிச்சை

குடும்ப மருத்துவர் மாத்திரையை உடனே 100க்குக் கொண்டுவந்தார். 125 வேண்டாம் என்று அவரும் நானும் பேசி ஒத்துக்கொண்டோம். இரும்பும் கால்சியமும் விலகினால் பழைய 100 போதும் என்பது எங்கள் கணிப்பு. அஞ்சரைக்குத் தைராய்டு மாத்திரை மட்டும், தண்ணீரோடு. காபி ஆறேகாலுக்கு. இரும்பு மாத்திரை பள்ளியில் மதிய உணவுக்கு முன். கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. முடி மாத்திரை நின்றது. முடி கொட்டியதற்கே இரும்புக் குறைவும் தைராய்டு குறைவும்தான் காரணம், பயோட்டின் பற்றாக்குறை இல்லை. புரோப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அவருடைய நாடித்துடிப்பு 58 இருந்ததற்கு அந்த மாத்திரையும் ஒரு பங்கு.

ஏழு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் 8.4, ஃப்ரீ டி4 1.2. டீச்சருக்கு ஏமாற்றம். "இன்னும் கூடத்தானே மேடம் இருக்கு, 125 ஆக்கச் சொல்லட்டுமா?" என்றார். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். 47இலிருந்து 8க்கு வந்திருக்கிறது. ஃப்ரீ டி4 அவருடைய பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நீண்ட நாள் தைராய்டு குறைந்திருந்தவருக்கு டிஎஸ்ஹெச் முழுதாக இறங்க இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். மருத்துவர் அளவை மாற்றாமல் விட்டார். அடுத்த ஆறாவது வாரம் டிஎஸ்ஹெச் 2.4, கொலஸ்ட்ரால் 201, ஹீமோகுளோபின் 11.6. கொலஸ்ட்ராலுக்கு என்று தனி மருந்து எதுவும் தரவில்லை.

அவசரப்பட்டுக் கூட்டியிருந்தால் டிஎஸ்ஹெச் சில மாதத்தில் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். டிஎஸ்ஹெச் 0.1க்குக் கீழே நீண்ட காலம் இருந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும். கூடுதலாகப் போட்டால் சுறுசுறுப்பு வரும் என்று நினைத்துத் தானாக அளவைக் கூட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

இந்த நிகழ்வுக்கு வெளியே

ரத்தப் பரிசோதனை வருவதற்கு முன்பும் இந்த நோய்க்குச் சிகிச்சை இருந்தது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். அத்தனை காலமும் டிஎஸ்ஹெச் என்ற ஒன்று யாருக்கும் தெரியாது. முக வீக்கம், பேச்சு, உடல் சூடு, தோல் இவைதான் வழிகாட்டி. எங்கள் டெக்னீஷியன் பார்த்ததும் அவற்றைத்தான்.

டிஎஸ்ஹெச்சை மட்டும் நம்பக்கூடாத வேறு நிலைமைகளும் உண்டு. பிட்யூட்டரியில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், பிரசவத்தில் அதிக ரத்தம் போய் பிட்யூட்டரி செத்துப்போனவர்கள் ஆகியோருக்கு டிஎஸ்ஹெச்சால் பயனில்லை, ஃப்ரீ டி4தான் வழி. தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கு டிஎஸ்ஹெச்சை வேண்டுமென்றே கீழே வைத்திருப்பார்கள். அவர்கள் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தாங்களாக மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. கர்ப்பம் உறுதியான உடனே மருந்துத் தேவை கால் பங்குக்கு மேல் கூடும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கடுமையான காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை வைத்து மருந்தை மாற்றாமல், குணமான பிறகு மறுபடி பார்ப்பது நல்லது. எழுபது வயதைத் தாண்டியவருக்கு டிஎஸ்ஹெச் 5 என்பது பெரும்பாலும் கவலைப்பட வேண்டிய எண் இல்லை. 2.1 இருந்தது 2.9 ஆவது எந்த வயதிலும் மாற்றமே இல்லை. காலையில் எடுத்ததற்கும் மதியம் எடுத்ததற்கும் அந்த அளவு வித்தியாசம் வரும். தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடியான ஆன்டி டிபிஓவை ஒருமுறை பார்த்தால் போதும், வருஷாவருஷம் பார்க்கத் தேவையில்லை.

பேக்கேஜில் வரும் 'டி3, டி4, டிஎஸ்ஹெச்' என்பதில் முதல் இரண்டும் பெரும்பாலும் மொத்த அளவுகள், ஃப்ரீ அளவுகள் இல்லை. ரத்தத்திலுள்ள டி4 கிட்டத்தட்ட முழுவதும் புரதங்களோடு ஒட்டியே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் அந்தப் புரதத்தைக் கூட்டும், மொத்த டி4உம் கூடவே ஏறும். கர்ப்பிணிகளும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் மொத்த டி4 கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் வருவது வாராவாரம் நடக்கிறது.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இப்போது தைராய்டு டெஸ்டுக்கு வருபவர்களிடம் ரத்தம் எடுக்கும் முன்பே மாத்திரை எத்தனை மைக்ரோகிராம், இன்று போட்டாயிற்றா, கூட என்ன மாத்திரை, முடிக்கோ தோலுக்கோ எதுவும் எடுக்கிறீர்களா என்று கேட்டுக் குழாயின் சீட்டிலேயே எழுதிவிடுகிறோம். அந்த டெக்னீஷியன் யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

டீச்சருக்கு மாதவிடாய்ப் போக்கைக் குறைக்கக் கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். "இதுவும் ஹார்மோன்தானே மேடம், தைராய்டு மாத்திரை அளவு மாறுமா?" என்று கேட்க நேரில் வந்தார். மாறாது. அதிலிருப்பது புரோஜெஸ்டரோன் வகை ஹார்மோன், டி4 ஒட்டும் அந்தப் புரதத்தைக் கூட்டாது. மாதவிடாய் நின்ற பிறகு உடல் சூட்டுக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாக எடுக்க நேர்ந்தால் நிலைமை வேறு. புரதம் கூடி டி4ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈடுகட்ட அவருக்குச் சுரப்பி கிடையாது, எனவே தொடங்கிய பன்னிரண்டாவது வாரம் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையாக இருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. இதை அவருடைய ஃபைலின் உள்ளட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மகப்பேறு மருத்துவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.